மாவா, ஏக்கரா, ஹெக்டேரா? அளவுகோலின் கதையும் ஒரு இலவசக் கணக்குத்தாளும்

எங்க டெல்டாப் பக்கம் ஒரு விவசாயியிடம் "உங்களுக்கு எவ்வளவு நிலம்?" என்று கேட்டால், "ஒன்பது மா" என்பார். அதே நிலத்துக்கு அவர் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும் பழைய கிரயப் பத்திரத்தில் "2 ஏக்கர் 98 சென்ட்" என்று எழுதியிருக்கும். இ-சேவை மையத்தில் எடுத்த பட்டாவில் பார்த்தால் "1 - 20.50" என்று இருக்கும். அது ஹெக்டேரும் ஏரும். நிலம் ஒன்றுதான், வரப்பும் நகரவில்லை. ஆனால் மூன்று இடத்தில் மூன்று எண்.

நகரத்திலிருந்து நிலம் வாங்க வருகிறவர்கள் இதைப் பார்த்ததும் ஏதோ தில்லுமுல்லு என்று பயந்துபோகிறார்கள். தில்லுமுல்லு இல்லீங்க, சரித்திரம். வாயில் வருவது சோழர் காலத்துக் கணக்கு, பத்திரத்தில் இருப்பது வெள்ளைக்காரன் கணக்கு, பட்டாவில் இருப்பது பிரெஞ்சுப் புரட்சியில் பிறந்த கணக்கு. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று பேச வைக்கிற வேலையை எங்க வீட்டில் இப்போது ஒரு இலவச மென்பொருள் செய்கிறது. அந்த மென்பொருளுக்கும் இதே மாதிரி ஒரு கதை இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

கோயில் சுவரில் இருந்த கோல்

முதலில் நம்ம அளவு. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. பழைய தமிழ்க் கணக்கில் மா என்றால் இருபதில் ஒரு பங்கு, காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. ஆக வேலிதான் முழு எண், மா என்பது அதன் பின்னம். குழி எவ்வளவு என்பது கோலைப் பொறுத்தது. எங்க பக்கம் 12 அடிக் கோல். 12-க்கு 12 என்றால் ஒரு குழி 144 சதுர அடி, ஒரு மா 14,400 சதுர அடி. வேறு ஊரில் வேறு கோல் இருந்தது, அங்கே குழியும் வேறு. சென்னைப் பக்கம் 24 மனை சேர்ந்தால் ஒரு காணி. மனை என்றால் 2,400 சதுர அடி, நீங்கள் கிரவுண்டு என்று சொல்வது அதைத்தான்.

தெற்கே நாஞ்சில் நாட்டுப் பக்கம் போனால் நிலத்தையே விதையால் அளந்தார்கள். ஒரு கோட்டை விதைப்பாடு என்றால், ஒரு கோட்டை நெல் விதைக்கிற அளவு நிலம். முகத்தல் அளவை பாருங்கள்: இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். பெரும்பாலும் இரண்டு இரண்டாகவே பெருகும். காரணம் எளிது. ஒரு குவியல் நெல்லைப் பத்தாகப் பிரிக்கக் கருவி வேண்டும். இரண்டாகப் பிரிக்கக் கையும் கண்ணும் போதும். பாதி, பாதியில் பாதி, அதில் பாதி என்று போய்க்கொண்டே இருக்கலாம். ரூபாய்க்கு 16 அணா என்று இருந்ததும் இதே புத்திதான்.

சோழர் காலத்தில் நிலம் அளந்த கோலின் நீளத்தைப் பல கோயில் சுவர்களில் கோடாக வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் பார்க்கலாம். அளக்கிறவன் கோல் மேல் சந்தேகம் வந்தால், கோயில் சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அளவு ஊர்ப் பொதுவில் இருந்தது என்பதுதான் இதில் முக்கியம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லா அளவும் சுவரில் இருக்கவில்லை. மரக்காலும் படியும் பண்ணையார் வீட்டுக் களஞ்சியத்தில் இருந்தன. வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது ஒரு மரக்கால் என்று எங்க வயதான ஆட்கள் இன்னும் பேசுவார்கள். குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்பதிலேயே ஒரு கூலிக்காரனின் ராத்திரிச் சோறு இருந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அந்தக் கொடுமைக்கு முன்னால் நடந்த கூலிப் போராட்டத்தில் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். அளவு என்பது பள்ளிக்கூடப் பாடம் மட்டும் இல்லை என்று எங்க ஜில்லாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சங்கிலியோடு வந்தவர்கள்

வெள்ளைக்காரர்கள் ஏக்கரோடு வந்தார்கள். ஏக்கர் அவர்கள் ஊரிலும் ஒரு உழவன் அளவுதான். ஒரு ஏர் மாடு ஒரு நாளில் உழுகிற நிலம். நீளம் ஒரு ஃபர்லாங், அதாவது 660 அடி. அந்தப் பெயருக்கே ஒரு உழவு சால் நீளம் என்றுதான் பொருள். அகலம் 66 அடி. மாட்டைத் திருப்பாமல் எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்பதில் பிறந்த கணக்கு அது. நம்ம விதைப்பாட்டுக்கு அண்ணன் தம்பி முறை.

1620-ல் எட்மண்ட் கன்டர் என்கிற ஆங்கிலேய வானியல் பேராசிரியர் ஒரு சங்கிலி செய்தார். நீளம் 66 அடி, அதில் 100 கண்ணிகள். இதில் ஒரு அழகு இருக்கிறது. 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். கண்ணிக் கணக்கில் ஒரு லட்சம் சதுரக் கண்ணி. அதை நூறாகப் பிரித்தால் ஆயிரம் சதுரக் கண்ணி, அதுதான் நம்ம சென்ட், 435.6 சதுர அடி. இந்த 435.6 என்கிற கோணல் எண் எங்கிருந்து வந்தது என்று மனை வாங்குகிற பலர் யோசித்திருப்பீர்கள். அது கன்டர் சங்கிலியில் ஆயிரம் என்கிற முழு எண். பத்துப் பத்தாகப் பிரிக்கிற தசமப் புத்தி மீட்டருக்கு 170 வருஷம் முன்னாலேயே ஏக்கருக்குள் புகுந்துவிட்டது.

1802-ல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து ஆரம்பித்த வேலைதான் பிறகு இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணி ஆனது. அவர் கையில் இருந்தது 100 அடி இரும்புச் சங்கிலி. டெல்டா சமவெளியில் மலை கிடையாது, உயரமான இடம் கோயில்தான். 1808-ல் அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமாகிவிட்டது. கோல் அளவைச் சுவரில் வெட்டி வைத்தவர்களின் கோயிலிலேயே அடிக் கணக்கு முட்டிக்கொண்டது என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

பூமியிலிருந்து எடுத்த அளவு

மீட்டர் கதை பிரான்சில் ஆரம்பிக்கிறது. 1789 புரட்சிக்கு முன் அங்கேயும் நம்ம பண்ணையார் கதைதான். ஊருக்கு ஒரு அளவு, பிரபுவின் களஞ்சியத்தில் ஒரு மரக்கால். அந்த வருஷம் மக்கள் அரசனுக்கு எழுதி அனுப்பிய குறைப் பட்டியல்களில், நாடு முழுக்க ஒரே அளவு வேண்டும் என்பது திரும்பத் திரும்ப வந்த கோரிக்கை. அதாவது மெட்ரிக் முறையை விஞ்ஞானிகள் வடிவமைத்தார்கள், ஆனால் அதைக் கேட்டவர்களில் குடியானவர்களும் இருந்தார்கள்.

யாருடைய கையும் காலும் வேண்டாம், பூமியையே அளவாக வைப்போம் என்று முடிவு செய்தார்கள். வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு, ஒரு மீட்டர். தெலாம்பர், மெஷெய்ன் என்ற இருவர் 1792 முதல் ஏழு வருஷம் போல டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை, புரட்சிக்கும் போருக்கும் நடுவே அளந்தார்கள். மெட்ரிக் சட்டம் 1795-ல் வந்தது. மக்கள் பழகுவதற்காகப் பாரீஸ் தெருச் சுவர்களில் பளிங்குக் கல்லில் மீட்டர் நீளத்தைப் பதித்து வைத்தார்கள். ஒன்று இன்னும் வோஜிரார் தெருவில் இருக்கிறது. கோயில் சுவரை நினைவில் வைக்கச் சொன்னேன் இல்லையா, இதற்குத்தான்.

அப்படியும் மக்கள் உடனே மாறவில்லை. 1812-ல் நெப்போலியன் பழைய பெயர்களை அன்றாடப் புழக்கத்துக்குத் திரும்ப அனுமதித்தார். 1840-ல்தான் பிரான்சிலேயே மெட்ரிக் முழுக் கட்டாயம் ஆனது. 1875 மே 20-ல் 17 நாடுகள் மீட்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

அமெரிக்கா ஏன் மாறவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். ஜெஃபர்சனுக்குப் பத்துப் பத்தான அளவு முறையில் ஆசை இருந்தது. 1794-ல் ஜோசப் டாம்பே என்ற பிரெஞ்சுக்காரர் புது அளவுகளின் மாதிரியோடு கப்பல் ஏறினார். புயலில் திசை மாறிக் கரீபியக் கடலில் கொள்ளையர் கையில் சிக்கி, மான்ட்செராட் தீவில் இறந்துபோனார். அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. 1975-ல் அமெரிக்கா மெட்ரிக்குக்கு மாற ஒரு சட்டமே போட்டது. விரும்பினால் மாறலாம் என்று வைத்ததால் யாரும் விரும்பவில்லை. வேடிக்கை என்னவென்றால் 1959-லிருந்து இஞ்சுக்கே வரையறை மெட்ரிக்கில்தான், சரியாக 2.54 சென்டிமீட்டர். உள்ளே மீட்டர், மேலே இஞ்சு சட்டை.

நயா பைசாவும் கிலோவும்

சுதந்திரத்துக்கு முன் நம்ம நாட்டில் எடைக்கணக்கு கந்தரகோளம். மணங்கு என்று ஒரே சொல். மதராஸில் 25 ராத்தல், பம்பாயில் 28 ராத்தல், வங்காளத்தில் 82 ராத்தலுக்குக் கொஞ்சம் மேலே. ரயிலில் நெல் அனுப்புகிறவன் எந்த மணங்கு என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டால் தொலைந்தான்.

1957 ஏப்ரல் 1-ல் அணா போய் 100 நயா பைசா வந்தது. 1956-ல் எடை அளவுச் சட்டம் நிறைவேறி, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக அமலாகி, 1962 ஏப்ரல் 1 முதல் மெட்ரிக் மட்டுமே செல்லும் என்று ஆனது. தில்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு நாட்டின் கிலோகிராம் மாதிரிக் கட்டி வந்து சேர்ந்தது. 57-ஆம் எண் கட்டி அது. இவ்வளவு பெரிய, பெரும்பாலும் எழுதப்படிக்கத் தெரியாத நாடு ஆறு வருஷத்தில் நாணயமும் எடையும் மாற்றியது சின்னக் காரியம் இல்லை. சேரும் வீசையும் என் தலைமுறையிலேயே கதைச் சொல் ஆகிவிட்டன.

கடையில் கிலோ ஜெயித்தது. நிலத்திலும் தண்ணீரிலும் ஜெயிக்கவில்லை. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் ஹெக்டேருக்கும் ஏருக்கும் மாறின. பத்திரம் எழுதுகிற கை ஏக்கர், சென்ட்டிலேயே நின்றது. மேட்டூர் அணை இன்னும் 120 அடிதான். கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது ஆயிரம் மில்லியன் கன அடி. 2018-ல் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் நமக்கு ஒதுக்கியது 177.25 டி.எம்.சி. செய்தியில் "விநாடிக்கு 10,000 கன அடி திறப்பு" என்று வந்தால், டீக்கடையில் உடனே ஒரு கணக்கு ஓடும். விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. நகரத்து வாசகர்களுக்கு: ஒரு டி.எம்.சி. என்றால் சுமார் 2,832 கோடி லிட்டர்.

குழாய் இஞ்சில், மோட்டார் குதிரைத்திறனில், போர் ஆழம் அடியில், டீசல் லிட்டரில், மழை மில்லிமீட்டரில். நகைக்கடையில் பவுன் என்று கேட்கிறோம், 8 கிராம் வாங்கி வருகிறோம். ஆங்கிலேயத் தங்க நாணயம் 7.988 கிராம் இருந்தது. பேரை வைத்துக்கொண்டு எடையை முழுசாக்கிவிட்டார்கள். ஒழுங்கே இல்லாத மாதிரி தெரியும். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் அது வந்த காலத்து அளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மாற்றும் இடத்தில்தான் வழுக்கும்

எந்த அளவு உசத்தி என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. 2001-ல் இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் ஒரு வியாபாரி வாழைப்பழத்தை ராத்தல் தராசில் மட்டும் நிறுத்து விற்றதற்காக நீதிமன்றம் போனார். அந்த நாட்டில் அது பெரிய மானப் பிரச்சினை ஆயிற்று. ஆனால் ராத்தலில் விற்றதால் எந்தப் பழமும் கெட்டுப்போகவில்லை. ஒரு அளவிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டுகிற இடத்தில்தான் ஆபத்து.

1983 ஜூலை 23. கனடாவில் ஒரு போயிங் 767 விமானம். தேவையான எரிபொருள் 22,300 கிலோ. லிட்டரை எடையாக மாற்றும்போது, கிலோவுக்கான 0.8-க்குப் பதில் ராத்தலுக்கான 1.77-ஐப் பெருக்கிவிட்டார்கள். பாதிக்கும் குறைவான எரிபொருளோடு ஏறிப் போய், 41,000 அடி உயரத்தில் எஞ்சின்கள் நின்றன. விமானி அதைக் காற்றில் மிதக்க விட்டே கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள். 1999 செப்டம்பரில் நாசாவின் செவ்வாய் விண்கலத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு மென்பொருள் ராத்தல் கணக்கில் எண்ணைக் கொடுத்தது, இன்னொன்று அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. கலம் செவ்வாய்க்கு மிக நெருக்கமாகப் போய்த் தொலைந்தது.

நம்ம ஊர்க் கணக்கு ஒன்று சொல்கிறேன். எங்க பக்கம் பேச்சுவாக்கில் "மூணு மா ஒரு ஏக்கர்" என்பார்கள். ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு 14,520 சதுர அடி. உண்மையான மா 14,400. வித்தியாசம் மாவுக்கு 120 சதுர அடி. ஒரு வேலிக்கு 2,400 சதுர அடி. சென்னைக்காரர்களுக்குச் சரியாக ஒரு கிரவுண்டு! வேலிக் கணக்கில் விலை பேசி ஏக்கர் கணக்கில் பணம் கொடுத்தால், யாரோ ஒருவர் ஒரு கிரவுண்டு நிலத்தைச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுக்கிறார். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது இந்த 120 அடிதான் பேச்சுவார்த்தையை நிறுத்துகிறது.

லேப்டாப்பில் வந்த கணக்குப்பிள்ளை

எங்க வீட்டுக்குக் கணினி வந்தது மகளின் பள்ளிக்கூடம் வழியாக, அரசு கொடுத்த இலவச மடிக்கணினி. அதில் சென்னை சி-டாக்கில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது, அதற்குள் லிப்ரே ஆபீஸும் இருந்தது. காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள்களுக்கு வருஷா வருஷம் சந்தா கட்ட ஒரு மா குத்தகைக்காரனால் முடியாது. இது இலவசம். ஆனால் இலவசம் என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதில் இருக்கிறது.

1985-ல் ஜெர்மனியின் லூனபர்க் ஊரில் மார்கோ பொரீஸ் என்ற பதினாறு வயசுப் பையன் ஸ்டார் டிவிஷன் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தான். அதிலிருந்து வந்தது ஸ்டார் ஆபீஸ். 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது. 2000-ல் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அது ஓப்பன் ஆபீஸ். 2010-ல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனது. இனி என்ன ஆகுமோ என்று பயந்த நிரலாளர்கள் அந்த வருஷம் செப்டம்பரில் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற பொது அமைப்பைத் தொடங்கி, அதே நிரலை லிப்ரே ஆபீஸ் என்ற பெயரில் கொண்டுபோனார்கள். நிலம் கைமாறினாலும் விதைநெல் பொதுவில் இருந்ததால் சாகுபடி நிற்கவில்லை.

அது சேமிக்கிற கோப்பின் வடிவம் 2006-ல் சர்வதேசத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. அதாவது கோப்புக்குள் எழுத்தும் எண்ணும் எப்படி வைக்கப்படுகின்றன என்பது யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியே இருக்கிறது. கோயில் சுவரில் வெட்டிய கோல் மாதிரி, பாரீஸ் தெருவின் பளிங்கு மீட்டர் மாதிரி. கோப்பின் வடிவம் ஒரே கம்பெனியின் ரகசியமாக இருந்தால், அது பண்ணையார் களஞ்சியத்து மரக்கால். உள்ளே இருப்பது என் நெல்தான், ஆனால் அளந்து பார்க்க அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

அந்த மென்பொருளுக்குள்ளேயே நம்ம சண்டை இருக்கிறது தெரியுமா? நிறுவும்போது மொழி, நாடு அமைப்பு அமெரிக்க ஆங்கிலம் என்று இருந்தால் பக்க அளவு இஞ்சில் வரும், தாள் அவர்கள் ஊர் லெட்டர் அளவில் வரும், 8.5-க்கு 11 இஞ்சு. நம்ம ஊர்த் தாள் ஏ4, 210-க்கு 297 மில்லிமீட்டர். அதனால்தான் மனு அச்சடித்தால் ஓரம் வெட்டுப்படுகிறது. அமைப்பில் இந்தியா என்று மாற்றுங்கள். சென்டிமீட்டர் வரும், லட்சம் கோடிக்குக் கமாவும் நம்ம வழக்கப்படி விழும். எழுத்தின் அளவு 12 என்கிறோமே, அந்தப் புள்ளி இஞ்சில் 72-ல் ஒரு பங்கு. எழுதுகிற பகுதி உள்ளுக்குள் இஞ்சில் 1,440-ல் ஒரு பங்கு கணக்கில் ஓடுகிறது. படம் வரைகிற பகுதி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கில் ஓடுகிறது. ஒரே வீட்டில் மாவும் ஹெக்டேரும் இருக்கிற மாதிரி, ஒரே மென்பொருளில் இரண்டும் குடித்தனம் நடத்துகின்றன.

கால்க் என்கிற கணக்குத்தாளில் அளவு மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது. ஏக்கர், ஹெக்டேர், சதுர அடி எல்லாம் அதற்குத் தெரியும். மா தெரியாது, குழி தெரியாது, மூட்டை தெரியாது. அதனால் எங்கள் கோப்பில் முதல் தாளின் பெயர் "அளவு". அதில் வேறு எதுவும் கிடையாது, இந்த வரிகள் மட்டும்:

1 குழி = 144 சதுர அடி
1 மா = 14,400 சதுர அடி = 33.06 சென்ட் = 13.38 ஏர்
1 சென்ட் = 435.6 சதுர அடி = 40.47 சதுர மீட்டர்
1 ஏர் = 100 சதுர மீட்டர் = 2.471 சென்ட்
1 ஹெக்டேர் = 100 ஏர் = 2.471 ஏக்கர்
1 வேலி = 20 மா = 6.61 ஏக்கர் = 2.676 ஹெக்டேர்

மற்ற தாள்கள் எல்லாம் எண்ணை இங்கிருந்துதான் எடுக்கும். கட்டத்துக்குள் எண் மட்டும், அளவின் பெயர் தலைப்பில். "3 ஏக்கர்" என்று கட்டத்துக்குள்ளேயே எழுதினால் கணினி அதை எழுத்தாக நினைத்துக்கொள்ளும், கூட்டலில் சேர்க்காது.

இது எதற்கு உதவும்? வேளாண் பல்கலைக்கழகம் மத்திய, நீண்ட கால நெல் ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்று பரிந்துரைக்கிறது. பக்கத்து வயல் பெரியப்பா கேட்பார்: "அதெல்லாம் சரி தம்பி, மாவுக்கு எத்தனை மூட்டை யூரியா?" யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, மூட்டை 45 கிலோ. முழுசும் யூரியாவிலேயே போடுவதாக வைத்தால் ஏக்கருக்கு 132 கிலோ, மூன்று மூட்டைக்குச் சற்றுக் குறைவு. மாவுக்கு ஒரு மூட்டைக்குள், அதையும் மூன்று நான்கு தடவையாகப் பிரித்து. டி.ஏ.பி. போட்டிருந்தால் இன்னும் குறையும். இந்தக் கணக்கு தெரியாமல் கண்ணால் போடுகிறவர் வயலில் பயிர் கரும்பச்சையாக வளர்ந்து, புகையான் வந்து, காற்றில் சாய்கிறது.

வெள்ளத்தில் பயிர் போனால் நிவாரணம் ஹெக்டேர் கணக்கில் அறிவிப்பார்கள். ஒரு பேச்சுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மாக்காரருக்கு 1.205 ஹெக்டேர், 24,100 ரூபாய். மாவுக்கு 2,676. "ஒனக்கு ஏக்கருக்கு இருபதாயிரம் வரும்"னு யாராவது ஆசை காட்டினால், இல்லீங்க என்று தாளைக் காட்டலாம். குறைவாக வந்தாலும் எங்கே குறைந்தது என்று கேட்கலாம்.

குத்தகையில் இன்னும் அதிகம். மூட்டை என்றால் 60 கிலோவா, 62 கிலோவா? மாவுக்கு இரண்டு மூட்டை குத்தகை என்றால் ஒன்பது மாவுக்கு 18 மூட்டை; 2 கிலோ வித்தியாசத்தில் 36 கிலோ நெல். அரசு கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. ஆக "மூட்டை" என்ற சொல்லை நம்பி ஒப்பந்தம் பேசக் கூடாது. எங்கள் தெருவில் இப்போது குத்தகைச் சீட்டில் கிலோவில் எழுதிவிடுகிறார்கள், பக்கத்தில் மூட்டையும் போடுவார்கள். இரண்டு வருஷமாக அறுவடைக் களத்தில் அந்தச் சண்டை இல்லை.

மாவை ஒழிக்க வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெரியப்பாவுக்கு மா என்றால் இத்தனை ஆள் நடவு, இத்தனை கட்டு நாற்று, இவ்வளவு நேரம் தண்ணீர். ஹெக்டேர் என்ற சொல்லில் அது எதுவும் இல்லை. அதே சமயம் பட்டாவை மாவில் எழுது என்று கேட்கவும் மாட்டேன். பன்னிரண்டு அடிக் கோல் எங்க ஊரில்தான். நாலு ஊர் தள்ளிப் போனால் வேறு கோல், பழைய மணங்குக் கதை ஆகிவிடும். பேச்சு மாவில் இருக்கட்டும், பதிவு ஹெக்டேரில் இருக்கட்டும். நடுவில் இருக்கிற மாற்றுக் கணக்கு மட்டும் ஒருத்தர் தலைக்குள்ளேயோ ஒருத்தர் பெட்டிக்குள்ளேயோ இருக்க வேண்டாம்.

அதனால் அந்த "அளவு" தாளை அச்செடுத்து எங்க ஊர் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஏ4 தாளில்தான், ஓரம் வெட்டுப்படாமல். நீங்கள் கிராமத்தில் நிலம் வாங்க வருகிறவராக இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். விலை பேசும் முன் அந்த ஊரில் குழிக்கு எத்தனை அடிக் கோல் என்று கேளுங்கள். பத்திரத்தில் உள்ள சென்ட்டை 2.471-ஆல் வகுத்துப் பட்டாவில் உள்ள ஏரோடு ஒப்பிடுங்கள். எங்க ஊர்ப் பட்டாக்களில் பின்னம் பெரும்பாலும் அரை ஏரில் நிற்கிறது, அதனால் கால் சென்ட், அரை சென்ட் வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம். அதற்கு மேல் போனால் சர்வேயரைக் கூப்பிடுங்கள். அவர் சங்கிலி எடுத்து வருவார், இப்போது அது மீட்டர் சங்கிலி.